பார்க்காதே என்பதும் எப்படிப் பார்ப்பது என்பதும்

மாணவர்களுக்கு ஊடகங்களை வாசிக்கக் கற்றுத்தரும் வேலையை மதம் கையில் எடுத்தால் அது தணிக்கையில்தான் போய் முடியும் என்று நம்மில் பலர் ஒரே வரியில் பேசி முடித்துவிடுகிறோம். அமெரிக்கக் கத்தோலிக்கர்களின் கதை அவ்வளவு சுலபமாக இல்லை.

1934இல் அங்கே 'லீஜன் ஆஃப் டீசன்ஸி' என்ற ஒழுக்கப் படை கிளம்பியது. பூசைக்கு வந்த சனங்கள் எழுந்து நின்று, கெட்ட படங்களைப் பார்க்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் கொடுத்தார்கள். படங்கள் ஏ, பி, சி என்று தரம் பிரிக்கப்பட்டன. சி என்றால் கிட்டவே போகக் கூடாது. 1936இல் போப் பதினோராம் பயஸ் இதைப் பாராட்டிச் சுற்றுமடலே எழுதினார். பட்டியல் தெரிந்தால் ஆச்சு, படம் தெரிய வேண்டியதில்லை. ரோஸலினியின் 'அற்புதம்' படத்துக்கு நேர்ந்தது இதுதான். வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்பிக் கர்ப்பமாகும் ஒரு ஏழைப் பெண்ணின் கதை அது. விசுவாசம் என்றால் என்ன என்பதே படத்தின் கேள்வி. அதைத் தெய்வ நிந்தனை என்று கூச்சல் போட்டு 1951இல் நியூயார்க்கில் தடைசெய்ய வைத்தார்கள். சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1952இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

மதத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. இங்கிலாந்தில் 1933இல் எஃப்.ஆர். லீவிஸும் டெனிஸ் தாம்ப்சனும் பள்ளிகளுக்கென்று எழுதிய 'பண்பாடும் சூழலும்' விளம்பரத்துக்கும் வெகுசன எழுத்துக்கும் எதிராக மாணவர்களுக்குப் போட்ட தடுப்பூசி. சாமி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். விடை முன்கூட்டியே வாத்தியாரின் சட்டைப்பையில் இருந்தது. நமது படிப்பு வட்டங்களில் ஒரு சினிமாவைக் 'கட்டுடைக்கும்'போதும் பல சமயம் இதேதான் நடக்கிறது. சொன்னால் தோழர்களுக்குக் கோபம் வரும்.

1977இல் எலிசபெத் தோமன் என்ற கன்னியாஸ்திரி லாஸ் ஏஞ்சலிஸில் 'மீடியா அண்ட் வேல்யூஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதன் வழியாக உருவான மையம் பின்னாளில் பள்ளிகளுக்கு ஐந்து கேள்விகளைத் தந்தது. இதை யார் உருவாக்கினார்கள்? கவனத்தை இழுக்க என்ன உத்தி? வேறொருவர் இதை எப்படி வேறாகப் புரிந்துகொள்வார்? எந்த மதிப்பீடுகள் உள்ளே இருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன? எதற்காக அனுப்புகிறார்கள்? மூன்றாவது கேள்வி வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டால் ஏ, பி, சி நிற்காது. நான்காவது கேள்வியோ, மதச்சார்பற்ற கல்வியாளர்கள் சங்கடப்பட்டு ஒதுக்குகிற நல்லது கெட்டதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இக்கேள்விகளை எந்தப் பிரதியின்மேல் வைப்பது? ஹாலிவுட்டின்மேல் வைப்பது சௌகரியம். 2002 ஜனவரியில் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ், சிறுவர்களிடம் பாலியல் கொடுமை செய்த குருக்களை மறைமாவட்டம் பங்குக்குப் பங்கு மாற்றிக் காப்பாற்றியதை வெளியிடத் தொடங்கியது. அந்த வாரத்தில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் நாளிதழையும் மறைமாவட்டத்தின் அறிக்கையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இதில் எது விடுபட்டிருக்கிறது?' என்று பிள்ளைகளைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்குச் சம்பளம் தருவது அதே மறைமாவட்டமாகவும் இருக்கலாம்.