வேம்பும் பூண்டும் காக்கும் வீட்டுத் தோட்டம்

களியக்காவிளையைக் கடந்தவுடன் பெயர்ப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. மண்ணும் பயிரும் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. தென்னையும் மரச்சீனியும் வாழையும் நிற்கும் புரையிடத்தில் பாவலுக்கும் பயறுக்கும் சிறு பந்தலிடுவது இப்பகுதியின் வழக்கம்.

இப்பந்தல்களை நாடிவரும் பூச்சிகளை எவ்வாறு அடக்குவது என்பது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் பல்லாண்டுகள் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் விளைவித்த துயரைக் கேரளம் நன்கறியும். 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. 2015இல், தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் நஞ்செச்சம் உள்ளது என்று கேரளம் எழுப்பிய புகார் இரு மாநிலங்களுக்கிடையே பேசுபொருளாயிற்று. அண்டை வயலைக் குறைகூறுவதைவிட, நம் வீட்டுப் பந்தலில் நாமே நஞ்சு தெளிக்காதிருப்பது எளிதன்றோ?

வேம்பின் ஆற்றல் நம் முன்னோர் அறிந்ததே. 1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் பசுமை அனைத்தையும் தின்று தீர்த்தபோது வேப்பமரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். அதன்பின் வேம்பு குறித்த ஆய்வுகள் பெருகின. வேம்பிலிருந்து பூஞ்சைக்கொல்லி செய்யும் முறைக்கு அளிக்கப்பட்டிருந்த ஐரோப்பியக் காப்புரிமை 2000இல் நீக்கப்பட்டது. 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. இந்தியர் பன்னெடுங்காலமாக அறிந்திருந்த ஒன்றைப் புதுமை எனக் கொள்ள இயலாது என்பதே அவ்வழக்கின் சாரம்.

வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே வீழ்த்துவதில்லை. அதன் பசியை அடக்கி, தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. ஆகவே தெளித்த மறுநாளே பலன் தேடி ஏமாறலாகாது.

ஒரு லிட்டர் கரைசலுக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி, பூண்டு 20 கிராம், துணி துவைக்கும் பார் சோப்பு 5 கிராம் போதும். சோப்பைச் சீவி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவேண்டும். பால்போல் வெளுத்தபின் பூண்டை அரைத்து வடித்த சாற்றைச் சேர்த்து, நீரூற்றி ஒரு லிட்டராக்கவேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் கலவை சரியாகவில்லை என்று பொருள். அது இலையைக் கருக்கிவிடும். முதலில் இரண்டு மூன்று இலைகளில் தெளித்துப் பார்த்தல் நலம். வெயில் வேம்பின் வீரியத்தைக் குலைக்குமாதலால் மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையுமாறு தெளிக்கவேண்டும். கரைசலை அன்றன்றே செய்து தீர்த்துவிட்டு, பத்து நாளுக்கொருமுறை மீண்டும் தெளிக்கலாம்.

பயற்றில் மொய்க்கும் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் இது ஏற்றது. பாவற்காயைத் துளைக்கும் பழ ஈக்கோ எத்தெளிப்பும் முழுப் பயன் தராது. முட்டை காயினுள் இடப்பட்டபின் மருந்து அங்கே எட்டாது. பிஞ்சு விட்டவுடன் காகித உறையிட்டுக் கட்டுவதே உறுதியான காப்பு. அழுகி விழுந்த காய்களை எருக்குழியிலிடாமல் வேறாக அழித்துவிடவேண்டும். இல்லையேல் அடுத்த தலைமுறை ஈக்களை நாமே வளர்த்தவர்களாவோம்.

இயற்கையானவை யாவும் தீங்கற்றவை என்றெண்ணுதல் பிழை. புகையிலைக் கஷாயம் இதற்குச் சான்று. அதிலுள்ள நிகோடின் தோல்வழியாகவும் உடலிற் சேரும் கடும் நஞ்சு. புகையிலையின் இனத்தைச் சேர்ந்த கத்தரி, தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்கு அதன்வழி நச்சுயிரி நோய் பரவவும் கூடும். சமையலுக்குப் பறிக்கும் காய்களில் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. பூண்டு, வேம்புக் கரைசல்களையும் பூக்கள் மலர்ந்து தேனீக்கள் நடமாடும் காலை வேளையில் தெளித்தலாகாது. தேனீ வராவிடில் காய்ப்பு குன்றும்.

வங்கியாளராகிய நாம் எதையும் வரவு செலவாகக் காண்பவர்கள். இங்குச் செலவு ஒரு சிறு புட்டி வேப்பெண்ணெயும் ஒரு பிடி பூண்டும் மாலையில் அரைமணி நேரமும்தான். எனினும் குத்தகை நிலத்தில் கடன் பெற்றுப் பயிரிடும் மகளிர் குழுக்களுக்குக் கைமருந்து ஒன்றையே நம்பியிருத்தல் தகாது. பூச்சி பெருகி விளைச்சலே கேள்விக்குறியாகும் முன், பாதிக்கப்பட்ட இலையுடன் தம் ஊராட்சியின் கிருஷி பவனை அணுகி வேளாண் அலுவலரின் அறிவுரையைப் பெறவேண்டும். தெளித்த நாள், அளவு, கண்ட பலன் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதலும் நன்று. கணக்குப் புத்தகத்தைப் போலவே, அடுத்த பருவத்தில் எதைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்பதை அக்குறிப்பேடு தெளிவாகச் சொல்லும்.