கட்டியவர் கடமை



உத்தரமேரூர் என்றவுடன் குடவோலை முறை உங்கள் நினைவிற்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற அக் கல்வெட்டுக்கள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு யார் வரலாம், யார் வரலாகாது என்பதை அவை வகுத்துரைக்கின்றன. சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவரே வரலாம் என்பது ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவர் வரலாகாது என்பது மற்றொரு விதி. பணி முடிந்தாலும் அதற்கு விடை கூறும் பொறுப்பு முடிவதில்லை என்பதே இதன் கருத்து. வீடு கட்டித் தருவோருக்கும் இது பொருந்துமா என்று இன்று பார்ப்போம்.

ஒரு குடும்பம் பல்லாண்டு சேர்த்த பொருளைச் செலவிட்டு வீடு கட்டுகிறது. புதுமனை புகுவிழாவும் இனிதே நடக்கிறது. ஐப்பசி மழை வருகிறது, தளம் ஒழுகுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது. கட்டியவரை அழைத்தால், “வீட்டை ஒப்படைத்துவிட்டேனே!” என்கிறார். அவர் சொல்வது முறையா?

விரிசல் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. பூச்சு உலரும்போது மயிரிழைபோலத் தோன்றும் விரிசலால் பெருந்தீங்கு இல்லை. ஆனால் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாளுக்கு நாள் அகலும் விரிசலானால், கடைக்கால் அமிழ்கிறதோ என ஐயுற வேண்டும். களிமண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். அத்தகைய நிலத்தில் மண்ணை ஆராயாமல் இட்ட கடைக்கால் நிலைகொள்வதில்லை. இதனைச் சிறு குறையென்று தள்ளலாகாது. 2014 ஜூன் 28 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் மௌலிவாக்கத்தில், கட்டி முடிவதற்கு முன்பே பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேர் மாண்டனர். கட்டுமானப் பிழைக்கு உயிரே விலையாகலாம்.

இதனை உணர்ந்தே, 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் ஓர் உத்தரவாதத்தை வகுத்தது. வீடு கைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள், கட்டமைப்பிலோ வேலைத்திறத்திலோ தரத்திலோ குறை கண்டு தெரிவித்தால், கட்டி விற்றவர் முப்பது நாளில் கட்டணமின்றிச் சீர்செய்து தரவேண்டும். தவறினால் இழப்பீடு கோரலாம். இதற்கென அமைந்த தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்திடம் முறையிடலாம். ஆயினும், குடிபுகுந்தவர் தாமே சுவரை இடித்து மாற்றியதால் விளைந்த கேட்டிற்குக் கட்டியவரைப் பொறுப்பாக்குவது நியாயமாகாது.

இக் குடை எல்லோர்க்கும் நிழல் தருவதன்று. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் எழும் திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் பதிவு கட்டாயமில்லை. மேலும் இச் சட்டம் கட்டி விற்பவரைப் பற்றியது. உத்தரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ, தம் மனையில் மேஸ்திரியைக் கொண்டு வீடு கட்டுவோரே மிகுதி. அவர்களுக்குத் துணை நிற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஒப்பந்தம் பேசி வீடு கட்டித் தருவதும் அதன்படி ஒரு சேவையே. வழக்கிற்குரிய காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும்.

ஆனால் அங்கே சென்று எதைக் காட்டுவது? பெரும்பாலும் வாய்ச்சொல்லே ஒப்பந்தமாக இருக்கிறது. ஆகவே, வேலை தொடங்குமுன் அளவு, பொருள்களின் தரம், தொகை, குறை தீர்க்க வேண்டிய காலம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். தொகையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழிந்த பின்னரே தருவதென்றும் அதில் எழுதிக்கொள்ளலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். விரிசல் கண்டால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி குறியுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் அது வளர்கிறது என்று அறியலாம். படமும் எடுத்து வையுங்கள். குறையை நேரில் சொன்னாலும், ஒப்புகையுடன் அஞ்சல் வழியாகவும் எழுதுங்கள். காலக்கெடுவிற்குள் தெரிவித்ததற்கு அதுவே சான்று.

இதனை முதியோரிடம் கூறாமல் உங்களிடம் கூறுவதேன்? பல இல்லங்களில் தாய் தந்தையர் உழைத்துப் பொருள் சேர்ப்பர். எழுத்தைப் படித்துச் சொல்ல வேண்டியவர் நீங்களே. கணக்குக் காட்ட வேண்டும் என்ற நெறியை நம் முன்னோர் கல்லில் எழுதிவைத்தனர். உங்கள் வீட்டிற்குரிய ஒப்பந்தத்தை நீங்கள் ஒரு தாளிலேனும் எழுதிவையுங்கள்.