பூ தெரியாத மல்லிகை

மறைமலை நகர் ரயிலடி டீக்கடையில் நண்பர் மணிக்கட்டை என் மூக்கருகே நீட்டினார். கிறிஸ்தியன் தியோரின் 'ஓ சவாஜ்' சென்ட். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. பத்தாயிரத்தை ஒட்டிய விலை. "அந்தக் காசு பெறுமாய்யா இது?" (அடிகள் பெயர்கொண்ட ஊரில் 'நறுமணநீர்' என்றல்லவா கேட்டிருக்கவேண்டும்!)

நல்ல சரக்குதான், மறுப்பதற்கில்லை. முதலில் எலுமிச்சை சுள்ளென்று ஏறும். அது அடங்கியதும் காற்றைப்போல ஒரு மலர்மணம், அடியில் மரப்பாசி. 1966இல் இதை உருவாக்கிய எட்மண்ட் ருட்னிட்ஸ்கா, ஹெடியோன் என்கிற வேதிப்பொருளைச் சேர்த்தார். மல்லிகையின் மணத்தை ஆராய்ந்த வேதியியலாளர்கள் கண்டெடுத்து ஆலையில் செய்தது அது. ஆக, 'காட்டு நீர்' என்று பேர்சூட்டி ஆணுக்கு விற்கும் புட்டிக்குள் இருப்பது மல்லிகையின் நிழல்.

ஆம்பளை மல்லிகை சூடி பஸ் ஏறினால் என்ன நடக்குமென்று நமக்குத் தெரியும். இத்தனைக்கும் வெட்சியும் கரந்தையும் சூடிப் போருக்குப் போனவர்களைத்தான் எம்.ஏ.யில் புறத்திணை என்று படித்தோம். பூவைப் பெண்ணின் கூந்தலுக்கென்று ஒதுக்கிவிட்ட பிறகு, அதே மணத்தைப் பூ தெரியாமல் ஆணிடம் சேர்க்கக் கண்ணாடியும் பெயரும் விளம்பரமும் வேண்டியிருக்கின்றன. விலை ஏறுவது அங்கேதான் என்பது என் வாசிப்பு.

நிஜ மல்லிகையும் தமிழ்நாட்டிலிருந்து பிரான்சுக்குப் போகிறது. ஒரு கிலோ சாரத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ. மொட்டு பறிக்கிறவர்களின் கூலி புட்டியின் விலையில் எத்தனை சொட்டு?

"ருட்னிட்ஸ்காவின் மூக்குக்கு ரெண்டாயிரம் தரலாம். மிச்சமெல்லாம் நீர் ஆம்பளைதான் என்கிற சான்றிதழுக்கு" என்றேன்.

நண்பர் மணிக்கட்டை மறுபடி முகர்ந்தார். "மல்லியா இது?"