ரெட்டைப் பாட்டி... ஒத்தைப் பாட்டி!

உங்க வீட்டுப் பரண் மேல ஒரு டிரங்க் பெட்டி தூங்கிட்டு இருக்கா? ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கித் திறந்து பாருங்க. பித்தளைக் கூஜா, ஓடாத டைம்பீஸ், மஞ்சள் பூத்த கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவுல, லெதர் உறைக்குள்ள கனமா ஒண்ணு கிடைச்சாலும் கிடைக்கும்.

எங்க வீட்டுல கிடைச்சது யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். எழுபதுகளில் சிங்கப்பூரில் வேலை பார்த்த தாத்தா வாங்கிட்டு வந்தது. ‘இது ஏதோ டப்பா’னு நினைச்சா தப்பு மக்களே! 2012-ல் வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ படத்துல பீட்டர் பார்க்கர் கழுத்துல தொங்கினது இந்த யாஷிகா எலெக்ட்ரோதான்!

"தாத்தா, இது இன்னும் வேலை செய்யுமா?"

"என்னடா கேள்வி? உங்க அப்பனோட மொட்டை, காதுகுத்து எல்லாம் இதுல எடுத்ததுதான். ஒரு தடவை ஓடுச்சுன்னா உங்க பாட்டியை ஒரு படம் எடுத்துடுவேன்."

தாத்தாவுக்கு வயசு 78. ஒரு கண்ணுல கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு, இன்னொண்ணு பாக்கி. சும்மா சொன்ன மாதிரி தெரியல. அதனால களத்துல இறங்கிட்டோம்!

பேட்டரிக்கு வந்த சோதனை

முதல் தடையே பேட்டரி. இந்த கேமரா கேட்கிறது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் மண்ணையும் தண்ணியையும் கெடுக்கும்கிறதால அந்த பேட்டரிகளை நிறுத்திட்டாங்க. பயப்படாதீங்க, 4எல்.ஆர்.44-னு ஒரு 6 வோல்ட் பேட்டரி கிடைக்குது. அளவு சின்னது. மீதி இடத்தை ஒரு ஸ்பிரிங் வெச்சு நிரப்பிட்டா போதும். அந்தக் கொஞ்சூண்டு கூடுதல் வோல்ட்டை இந்த கேமரா கண்டுக்கிறதே இல்லை. பேட்டரி அறையில பச்சையா உப்பு பூத்திருந்தா, காது குடையுற பட்ஸை வினிகர்ல லேசா நனைச்சுத் துடைச்சு, நல்லா காயவிட்டுப் போடுங்க.

போட்டோம். பட்டனை அமுக்கினா... பச்சை விளக்கு எரிஞ்சுது! தாத்தா முகத்துலயும்தான்.

அந்த சந்தோஷம் ஒரு ரோல் வரைக்கும்தான். கழுவி வந்த ஃபிலிம்ல பாதிப் படங்கள் வெளிறிப் போயிருந்துச்சு. மீதியில, பாட்டி புகை மாதிரி கலங்கி உட்கார்ந்திருக்க, பின்னாடி சுவத்துல இருந்த தினசரி காலண்டர் மட்டும் பளிச்! அன்னிக்கு ராகுகாலம் எத்தனை மணின்னுகூட படிக்க முடிஞ்சுது.

"கை நடுங்கிடுச்சு போல"னு சொல்லிட்டு தாத்தா கேமராவை உறைக்குள்ள வெச்சுட்டாரு. ஆனா, கை நடுங்கினா காலண்டரும்தானே கலங்கணும்?

ரெண்டு ஜன்னல் ரகசியம்

இங்கதான் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோட குணத்தைப் புரிஞ்சுக்கணும். எஸ்.எல்.ஆர். கேமராவுல லென்ஸ் வழியாவே பார்க்கிறோம். ஃபோகஸ் தப்பினா அப்பவே கலங்கலாத் தெரிஞ்சுடும். ரேஞ்ச்ஃபைண்டர்ல நாம பார்க்கிறது லென்ஸ் வழியா இல்லை. மேல இருக்கிற தனி ஜன்னல் வழியா. அதுல எப்பவும் எல்லாமே பளிச்சுனுதான் தெரியும்!

அப்போ ஃபோகஸ் செய்யறது எப்படி? பக்கத்துல இன்னொரு குட்டி ஜன்னல் இருக்கு. அதுல விழற பிம்பத்தை, பாதி வெள்ளிப் பூச்சு பூசின ஒரு கண்ணாடி முதல் பிம்பத்து மேல கொண்டுவந்து காட்டும். நடுவுல மஞ்சளா ஒரு கட்டத்துல ஆளு ரெட்டையாத் தெரிவாங்க. லென்ஸைத் திருகத் திருக ரெண்டும் நெருங்கி வரும். ஒண்ணாச் சேர்ந்தா ஃபோகஸ் ஓகே. லென்ஸும் அந்தப் பிம்பமும் உள்ளே ஒரு லிவரால இணைக்கப்பட்டிருக்கு.

இந்த இணைப்பைக் கேமராவுக்குள்ளேயே வெச்சு 1932-ல் வந்தது லைகா 2. காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்ட 1948 ஜனவரி 30 அன்னிக்கு, அதுக்குச் சில மணி நேரம் முன்னாடி அவரைச் சந்திச்சுப் படம் எடுத்த ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் கையில் இருந்ததும் லைகா ரகம்தான்.

வருஷக்கணக்குல இடிபட்டு, கிரீஸ் காய்ஞ்சு போனா அந்த இணைப்பு தடம் மாறிடும். ஜன்னல்ல பாட்டி ஒத்தையாத்தான் தெரிவாங்க. ஆனா, லென்ஸ் காலண்டரைப் பார்த்துட்டு இருக்கும். கேமரா பொய் சொல்லுதுன்னு ஃபிலிம் கழுவற வரைக்கும் தெரியாது!

‘க்ளங்’ சத்தம் கேட்குதா?

ரெண்டு கடை ஏறினோம். "பார்ட்ஸ் கிடையாது தம்பி, ஷோகேஸ்ல வைங்க" - ரெண்டு இடத்துலயும் ஒரே பதில். கடைசியா ஒரு கல்யாண போட்டோகிராபர் கைகாட்டினது, வீட்டுத் திண்ணையிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பழைய கேமரா மெக்கானிக்கை.

அவர் கேமராவை வாங்கினார். பார்க்கலை. காதுல வெச்சு லிவரை இழுத்தார்.

"சத்தம் வரலையே தம்பி. இழுக்கறப்ப ‘க்ளங்’னு ஒரு சத்தம் வரணும். உள்ளே சின்னதா ஒரு ரப்பர் துண்டு இருக்கும். வயசானா அது கரைஞ்சுடும். அது போச்சுன்னா வெளிச்சக் கணக்கு தப்பும். படம் வெளிறினதுக்கு அதான் காரணம்."

எலெக்ட்ரோ 35 வரிசை 1966-ல் ஆரம்பிச்சது. ஜி.எஸ்.என். வந்தது 1973-ல். இந்தக் குடும்பம் முழுக்க இருக்கிற பரம்பரை வியாதி இது. மருந்து, அதே கனத்துல ஒரு புது ரப்பர் துண்டு! ஒரு மதியம் பூரா உட்கார்ந்து மாத்தினார். ‘க்ளங்’ வந்துச்சு.

"ஃபோகஸை நீயே சரி பண்ணு. நான் பார்த்துட்டு இருக்கேன்"னு ஸ்க்ரூ டிரைவரை நீட்டினப்போ, எனக்கு நடுக்கம் வந்துடுச்சு!

நீங்களே செய்யலாம்

* லென்ஸை ‘இன்ஃபினிட்டி’ குறியில வைங்க. அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற செல்போன் டவரையோ கோபுரக் கலசத்தையோ பாருங்க. ராத்திரின்னா நிலா! ஒத்தையாத் தெரியணும். ரெட்டையாத் தெரிஞ்சா சரி பண்ணியே ஆகணும்.

* பிம்பம் பக்கவாட்டுல விலகினா ஃபோகஸ் தப்பு. மேலும் கீழுமா விலகினா கண்ணுக்குத்தான் தொல்லை. ரெண்டுக்கும் தனித்தனி ஸ்க்ரூ உண்டு. இடம் மாடலுக்கு மாடல் மாறும். பெரும்பாலும் மேல் மூடியைக் கழட்டினாதான் தெரியும்.

* ஒரே மூச்சுல திருகாதீங்க. கால் சுத்துக்கும் கம்மியாத் திருகி, பார்த்து, மறுபடி திருகுங்க.

* அடுத்தது டேப். ஃபிலிம் உட்காரும் இடத்துல இருந்து சரியா 1 மீட்டர் அளந்து ஒரு பொருளை வைங்க. பிம்பம் சேரும்போது லென்ஸ் குறியும் 1 மீட்டர் காட்டணும். தூரம் சரியா இருந்து கிட்டத்துல மட்டும் தப்பினா, மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

* ஃபிலிம் இல்லாத கேமராவோட பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடற தண்டவாளத்து மேல டிரேஸிங் பேப்பரை விறைப்பா ஒட்டுங்க. ஷட்டரை ‘பி’யில திறந்தே வெச்சு, பேப்பர்ல விழற பிம்பத்தை லென்ஸால பெருக்கிப் பாருங்க. ஜன்னலும் பேப்பரும் ஒரே பொருளைச் சொன்னா, கேமரா உண்மை பேசுதுன்னு அர்த்தம்!

இவ்வளவு நுணுக்கம் எதுக்கு? இந்த கேமராவோட 45 மி.மீ. லென்ஸை எஃப் 1.7-ல் முழுசாத் திறந்து 1 மீட்டர்ல எடுத்தா, பளிச்சுனு விழறது சுமார் 5 செ.மீ. ஆழம்தான். கொஞ்சம் பிசகினா கண்ணுக்குப் பதிலா காதுதான் தெளிவா வரும்.

இதெல்லாம் வேணாமே!

அந்தப் பாதி வெள்ளிப் பூச்சுக் கண்ணாடியைத் துணியால துடைக்கவே கூடாது. தூசியோட பூச்சும் சேர்ந்து வந்துடும். அப்புறம் ரெட்டைப் பிம்பமே தெரியாது. ஷட்டருக்கு எண்ணெய் விடாதீங்க. இதழ்கள்ல ஒட்டிக்கும். ஜப்பான் கேமராக்களோட ஸ்க்ரூ தலை ஜே.ஐ.எஸ். வகை. வேற டிரைவரைப் போட்டு அழுத்தினா தலை மழுங்கிடும். ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிற கேமராவா இருந்தா திறக்கவே திறக்காதீங்க. பேட்டரியை எடுத்த பிறகும் 300 வோல்ட் ஷாக் காத்திருக்கும்! ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழட்டும்போது செல்போன்ல ஒரு படம். கழட்டினதை வரிசையா ஐஸ் ட்ரேயில போடுங்க. எல்லாம் முடிஞ்சதும் காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. நம்ம ஊரு ஈரப்பதத்துக்கு லென்ஸ்ல பூஞ்சை சீக்கிரம் குடியேறிடும்.

மறுபடியும் காலண்டர் முன்னாடி!

அதே நாற்காலி. அதே சுவர். தாத்தா கேமராவைக் கண்ணுல வெச்சாரு. ரொம்ப நேரம் திருகிட்டே இருந்தாரு.

"என்ன தாத்தா?"

"இரு... ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தியாக்கிட்டு இருக்கேன்."

"ஒருத்தியையே சமாளிக்க முடியலை, இதுல ரெண்டு கேக்குதா உங்களுக்கு?"னு பாட்டி சிரிச்ச செகண்ட்ல... க்ளிக்!

ஒரு வாரம் கழிச்சு படம் வந்துச்சு. பாட்டியோட மூக்குத்திக் கல்லு மின்னுது. கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொண்ணும் எண்ணிடலாம். பின்னாடி காலண்டர்ல தேதி என்னன்னு யாராலயும் படிக்க முடியாது.

"அன்னிக்கும் என் கை நடுங்கல, பார்த்தியா"ன்னாரு தாத்தா.

இந்த ஞாயிறு, உங்க பரண்ல ஏணி போடுங்க!