மோட்டார் பாட்டரியும் மழைக்காலமும்

தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கம், ஏரியைச் சுற்றி வளர்ந்த ஊர். பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பெற்றது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியன்று பெய்த பெருமழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. சிட்லபாக்கத்தின் தெருக்களிலும் வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. அத்தகைய இரவில் பிரசவ வேதனையுறும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வாசலில் வண்டி இருந்தும், சாவியைத் திருப்பியவுடன் 'டிக்' என்ற ஓசையோடு நின்றுவிடுமாயின், வண்டி இருந்து என்ன பயன்? பெரும்பாலும் குற்றம் எஞ்சினுடையதன்று. கவனிப்பாரற்றுக் கிடந்த பாட்டரியுடையதே. காருக்கு மட்டுமன்றி, டிராக்டருக்கும் பஞ்சாயத்தின் ஜெனரேட்டருக்கும் இது பொருந்தும்.

ஈயப் பாட்டரியை 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாந்தே கண்டுபிடித்தார். இன்றும் அதன் அடிப்படை மாறவில்லை. நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் ஈயத் தகடுகள் மூழ்கியிருக்கின்றன. மின்சாரம் செலவாகும்போது தகடுகளின் மீது ஈய சல்பேட் என்னும் உப்புப் படிகிறது. திராவகம் நீர்த்துப் போகிறது. மீண்டும் மின்சாரம் ஏற்றினால் அவ்வுப்புக் கரைந்துவிடும். ஆனால் செலவான நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் உப்பு இறுகிவிடும்; பிறகு கரையாது. வண்டியை ஓட்டாமல் வைத்திருப்பது பாட்டரிக்கு ஓய்வு என்று சிலர் எண்ணுவது தவறு. இக்காலத்துக் கார்களில் சாவியை எடுத்த பின்னரும் சில கருவிகள் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கே ஆயினும், ஒரு வாரத்தில் எட்டு ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். சிறு காரின் பாட்டரி மூன்று நான்கு வாரங்களில் ஓய்ந்துவிட இதுவே போதும். (இத்துறை ஆராய்ச்சிக்கென்றே நம் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது, அதற்கு நிலமும் பொருளும் உதவியவர் அழகப்பச் செட்டியார்.)

பாட்டரிக்குப் பெரும் பகை வெயிலே. சித்திரை, வைகாசி வெப்பத்தில் தகடுகள் அரிக்கப்பட்டு, நீர் ஆவியாகிவிடுகிறது. அதன் பலன் ஐப்பசி மழையில்தான் தெரிய வருகிறது. ஆகவே புரட்டாசியிலேயே பரிசோதித்துவிடுவது நலம். மூடியுள்ள பாட்டரியாயின், தகடுகளுக்கு மேல் சுமார் 10 மில்லிமீட்டர் நீர் நிற்க வேண்டும். குறைந்தால் வாலை வடிநீர் மட்டுமே ஊற்றுக. ஆழ்குழாய்க் கிணற்று நீர் கூடாது. அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும். திராவகமும் ஊற்றலாகாது, ஆவியாகிப் போனது நீரே அன்றித் திராவகமன்று. மூடியற்ற பாட்டரிக்கு இவ்வேலை இல்லை.

முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியை, ஆப்பச்சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாஸலைன் தடவினால் போதும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் வோல்ட்மீட்டர் 12.6 வோல்ட்டு காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.4-க்குக் கீழே இறங்கினால் மின்சாரம் ஏற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். அப்போதும் உயராவிட்டால் குற்றம் மின்னாக்கியிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். இதைப் பாராமல் புதுப் பாட்டரி வாங்குவோர், சில நாட்களில் அதுவும் ஓய்ந்துபோவதைக் கண்டு கடைக்காரரை நொந்துகொள்கின்றனர்.

மாற்றும்போது முதலில் எதிர்முனையையே கழற்ற வேண்டும். பூட்டும்போது அதையே கடைசியில் பூட்ட வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு எளிதில் வெடிக்கக்கூடியது; பீடி, சிகரெட் அருகே வரலாகாது. திராவகம் கண்ணில் பட்டால் நிறைய நீரால் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். புதிய பாட்டரியின் ஆம்பியர்-மணி அளவும் முனைகளின் பக்கமும் பழையதைப் போலவே இருத்தல் வேண்டும். குப்பை சேகரிக்கும் பாட்டரி வண்டிக்குக் கார் பாட்டரியைப் பொருத்துவதும் தவறு. கார் பாட்டரி ஒரு நொடியில் பெருவிசை தருவது, மற்றதோ நெடுநேரம் சிறிது சிறிதாகத் தர வேண்டியது.

வெள்ள எச்சரிக்கை வந்தால் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய், எதிர்முனையைக் கழற்றி வைக்கலாம். நீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. மூழ்கிய பாட்டரியின் காற்றுத் துளைகள் வழியே சேற்றுநீர் புகுந்திருக்கக் கூடுமாதலால் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே பயன்படுத்துக.

பழைய பாட்டரியைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. தெருவில் வருபவரிடம் விற்றால், அவர் அதை உடைத்துத் திராவகத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்கக்கூடும். அப்புகையும் தூசும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; மண்ணில் சேர்ந்த ஈயம் நெடுங்காலம் போகாது. கடைகள் பழையதைத் திரும்பப் பெற வேண்டுமென 2001-ஆம் ஆண்டு விதிகள் கூறின. அவற்றிற்குப் பதிலாக 2022-இல் வந்த விதிகள் உற்பத்தியாளரையே பொறுப்பாக்கியுள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். பஞ்சாயத்தின் கழிவுப் பாட்டரிகளை ஏலம் விடுவதாயின், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் மட்டுமே கேட்கலாம் என்ற நிபந்தனையை ஏல அறிவிப்பிலேயே சேர்த்துவிட வேண்டும்.