எது மூலதனமாக எண்ணப்படுகிறது?

சீனத்தை மெச்சும் தோழர்கள் ஒரு எண்ணை நீட்டுகிறார்கள்: 2010 முதல் 2022 வரை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல் நிலை மூலதன ஆக்கம். உலகச் சராசரி ஏறக்குறைய கால்பங்குதான்.

இதை மார்க்ஸின் மாறா மூலதனத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. இது கணக்கர்கள் வகுத்தது. கட்டடம், சாலை, இயந்திரம், மென்பொருள் சேரும். நிலத்தின் விலை சேராது. 2008இன் ஐ.நா. கணக்கு நெறிமுறைப்படி பீரங்கியும் சேரும். அரசுப் பள்ளிக் கட்டடம் முதலீடு, அதில் பாடம் சொல்கிற வாத்தியாரின் சம்பளமோ நுகர்வு! இந்தப் பிரிவினையே அரசியல் என்பேன்.

கட்டினால் போதும், ஆள் குடிவர வேண்டியதில்லை. 2008 நவம்பரில் அறிவித்த 4 லட்சம் கோடி யுவான் திட்டத்துக்குப் பிறகு எழும்பிய அடுக்குமாடிகளில் காலியாகக் கிடந்தவையும் கணக்கில் முழுசாக ஏறின. 2021இல் எவர்கிராண்ட் நொடித்தது. மறுவருஷம், பாதியில் நின்ற வீடுகளுக்குத் தவணை கட்டமாட்டோம்னு பல நகரங்களில் ஜனங்கள் மறுத்தார்கள்.

அதே ஆண்டுகளில் குடும்பங்களின் நுகர்வு 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஹுகோவ் என்னும் குடிப்பதிவு சொந்த ஊரில் இருக்க, வேலை நகரத்தில் என்றால், பிள்ளை படிப்புக்கும் வைத்தியத்துக்கும் தொழிலாளி தானே சேமிச்சாகணும். அந்தச் சேமிப்பைக் குறைந்த வட்டிக்கு வாங்கிய வங்கிகள்தான் கட்டுமானத்துக்குக் கடன் கொடுத்தன.