படிவம் திறக்கையில் மறையும் பதிவுகள்

பம்பாய் என்று முன்னாளில் வழங்கி, 1995 முதல் மும்பை எனப்படும் நகரில், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இம்மூன்று பகுதிகளிலும் வீடுதோறும் சென்று விவரம் திரட்டும் ஊழியர் ஒருவர், தம் கணினியில் ஒரு குடும்பப் பதிவேடு வைத்திருப்பதாகக் கொள்வோம். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் போன்ற மேசைக் கணினித் தரவுத்தளம் ஒன்றில் அது அமைந்துள்ளது. ஒரு நாள் அவர் படிவத்தைத் திறக்கிறார். நேற்று வரை அதில் இருந்த ஒரு குடும்பத்தின் பதிவு இன்று காணப்படவில்லை. பதிவு அழிந்துவிட்டது என்று கருதி, அக்குடும்பத்தின் விவரங்களை அவர் மீண்டும் எழுதிச் சேர்க்கிறார்.

உண்மையில் பதிவு அழியவில்லை, மறைந்திருந்தது. ஆகவே இப்போது ஒரே குடும்பத்துக்கு இரண்டு பதிவுகள் உண்டாகிவிட்டன. அதைவிடத் தீமையானது மற்றொன்று உண்டு. பதிவு மறைந்ததை எவரும் கவனியாமல், படிவத்தில் தெரிந்த பெயர்களை மட்டுமே கொண்டு பட்டியல் தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பிவிடுவதே அது. அப்பட்டியல் தடுப்பூசிக்கோ, பள்ளி உதவித்தொகைக்கோ, வீட்டு உரிமைக்கோ ஆனதாயின், மறைந்த பெயருக்கு உரியவர் பயனை இழப்பார். ஏன் இழந்தார் என்பது அவருக்கும் தெரியாது; பட்டியலை அனுப்பிய ஊழியருக்கும் தெரியாது.

இவ்வாறு பதிவுகள் மறைவதற்குரிய காரணங்கள் எவை, அவற்றைக் கண்டறியும் முறை யாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

வடிகட்டி என்பது யாது?

தரவுத்தளத்தில் விவரங்கள் அட்டவணைகளில் சேமிக்கப்பட்டுள்ளன. படிவம் என்பது அவற்றைக் காண உதவும் சாளரம் போன்றது. சாளரத்தின் ஒரு கதவைச் சாத்தினால் வெளியே உள்ள மரம் மறையுமேயன்றி வெட்டுண்டு போவதில்லை. அக்கதவைப் போன்றதே வடிகட்டி. 'தாராவிக் குடும்பங்களை மட்டும் காட்டுக' என்பது போன்ற ஒரு நிபந்தனையை இட்டால், அந்நிபந்தனை மெய்யாகும் பதிவுகள் மட்டுமே படிவத்தில் தோன்றும்; ஏனையவை அட்டவணையிலேயே தங்கிவிடும்.

எனவே ஊழியர் முதலில் செய்ய வேண்டுவது, படிவத்தை விட்டு அட்டவணையை நேரே திறந்து பார்த்தலாகும். பதிவு அங்கே இருப்பின் குறை படிவத்தில் உள்ளது. அதைக் காணும் வரை எந்த விவரத்தையும் மீண்டும் எழுதலாகாது.

கட்டளையில் நேரும் பிழைகள்

ஆக்சஸில் ஒரு படிவத்திலிருந்து மற்றொரு படிவத்தைத் திறப்பதற்கு 'ஓப்பன்ஃபார்ம்' என்னும் கட்டளை பயன்படுகிறது. அதில் விவரங்கள் வரிசையாக, கமாக்களால் பிரித்து எழுதப்படுகின்றன. முதலிடம் படிவத்தின் பெயர்; இரண்டாவது, அதைக் காட்டும் வகை; மூன்றாவது, முன்பே சேமித்து வைத்த வினவலின் பெயர்; நான்காவதே நிபந்தனை; ஐந்தாவது, திருத்துவதற்காகத் திறப்பதா, புதிதாகச் சேர்ப்பதற்காகத் திறப்பதா என்பது. ஒரு கமா குறைந்தாலும் நிபந்தனை தன் இடத்தை விட்டு மூன்றாம் இடத்துக்குப் போய்விடும். ஐந்தாம் இடத்தில் 'சேர்த்தல்' என்று இருப்பின், நிபந்தனை எவ்வளவு சரியாயினும் பழைய பதிவு ஒன்றும் தோன்றாது. வெறும் படிவமே திறக்கும். படிவத்தின் பண்புகளில் 'டேட்டா என்ட்ரி' என்பதற்கு 'ஆம்' என்று விடை இருந்தாலும் இதே விளைவுதான்.

பண்புகளில் மேலும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். என்றோ ஒரு நாள் வேறொருவர் இட்ட வடிகட்டி, படிவத்தோடு சேர்ந்து சேமிக்கப்பட்டிருக்கலாம். 'ஃபில்ட்டர் ஆன் லோடு' என்னும் பண்பு 'ஆம்' என இருக்குமானால், படிவம் திறக்குந்தோறும் அப்பழைய நிபந்தனை உயிர்பெறும்.

முதற்படிவத்தில் இப்போதுதான் எழுதிய புதிய பதிவைச் சேமிக்காமலே இரண்டாம் படிவத்தைத் திறப்பதும் வழக்கமான பிழையாகும். சேமிக்காத பதிவு இன்னும் அட்டவணையைச் சேரவில்லை. ஆதலால் இரண்டாம் படிவம் அதைக் காண இயலாது. திறக்கும் கட்டளைக்கு முன்பாகச் சேமிக்கும் கட்டளையை அமைத்தால் இக்குறை தீரும்.

எண்ணும் எழுத்தும்

1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணின்படி தாராவிக்கு 400017, மாட்டுங்காவுக்கு 400019, செம்பூருக்கு 400071 என்பவை வழங்குகின்றன. இவை எண்களாகத் தோன்றினும் இவற்றைக் கூட்டுவாரும் பெருக்குவாரும் இல்லை. ஆகவே இவற்றை எழுத்து வகைப் புலத்தில் வைப்பதே முறை. அவ்வாறு வைத்தபின் நிபந்தனையில் மேற்கோள் குறிகளுக்குள் '400017' என்று எழுதுதல் வேண்டும். குறியின்றி எழுதினால், வகை பொருந்தவில்லை என்னும் செய்தி தோன்றும்.

பெயருக்கும் இது பொருந்தும். முருகன் என்னும் பெயரைக் குறியின்றி எழுதினால், கணினி அதை ஒருவருடைய பெயராகக் கொள்ளாது. ஏதோ ஒரு புலத்தின் பெயர் எனக் கருதித் தேடும். அப்படி ஒரு புலம் இல்லாமையால், 'என்ட்டர் பாராமீட்டர் வால்யூ' என்று கேட்கும் சிறு பெட்டி ஒன்றை நீட்டும். புலத்தின் பெயரில் எழுத்துப்பிழை நேர்ந்தாலும் இதே பெட்டி தோன்றும். ஆகவே இப்பெட்டியைக் கண்டதும் அதில் எதையேனும் இட்டு மூடிவிடாமல், எந்தச் சொல்லைக் குறித்துக் கேட்கிறது என்று படித்தல் நலம்.

மும்பையில் டி'சூசா போன்ற பெயர்கள் மிகுதி. ஆங்கிலத்தில் இப்பெயரின் நடுவே ஒற்றை மேற்கோள் குறி வருகிறது. பெயரை ஒற்றைக் குறிகளுக்குள் அடைத்தால், நடுவிலுள்ள குறியையே முடிவு எனக் கணினி கொண்டு, எஞ்சியதைப் பிழை என்று தள்ளும். நடுவிலுள்ள குறியை இருமுறை இடுவதே இதற்குப் பரிகாரம்.

தேதி செய்யும் மயக்கம்

இதுவரை கூறிய பிழைகளுள் பல தம்மைத் தாமே அறிவித்துவிடும். தேதியில் நேரும் பிழையோ வாய் திறவாது. நம் நாட்டில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறோம். ஆக்சஸ் கட்டளையில் # குறிகளுக்கிடையே எழுதும் தேதியோ, கணினியின் நாட்டு அமைப்பு எதுவாயினும், அமெரிக்க முறைப்படி மாதம், நாள், ஆண்டு என்றே படிக்கப்படும்.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். அந்நாள் முதல் சென்று கண்ட வீடுகளைக் காட்டுமாறு #01/04/2020# என நிபந்தனை எழுதினால், கணினி அதை ஜனவரி 4 எனக் கொள்ளும். மூன்று மாதப் பழைய பதிவுகளும் சேர்ந்து தோன்றும். 'அந்நாளில் மட்டும்' என எழுதினாலோ, ஏப்ரல் முதல் நாள் சென்ற வீடுகளுள் ஒன்றும் தோன்றாது.

இப்பிழை சோதனையில் பிடிபடாமைக்குத் தக்க காரணம் உண்டு. மகாராஷ்டிரத்தில் குடிசைவாசிகளின் வீட்டு உரிமையை வரையறுக்க அடுத்தடுத்து வழங்கிய எல்லை நாட்கள் 1995 ஜனவரி 1, 2000 ஜனவரி 1, 2011 ஜனவரி 1 என்பன. இவை எம்முறையில் படித்தாலும் ஒன்றே. எனவே 01/01/2000 என்னும் நாளைக் கொண்டு நிபந்தனையைச் சோதித்தவர், அது சரியாக இயங்குவதைக் கண்டு மனநிறைவு கொள்வார். பிறகு அதே நிபந்தனையில் வேறொரு நாளை இடும்போது ஏமாறுவார். மேலும் 15/08/1972 போன்ற தேதியில், பதினைந்தாம் மாதம் என ஒன்று இல்லாமையால், கணினி அதைத் தானே ஆகஸ்டு 15 என்று திருத்திக்கொள்ளும். கணக்கிட்டுப் பார்த்தால், ஓர் ஆண்டில் 132 நாட்கள் மட்டுமே தவறாகப் படிக்கப்படும். ஏனைய நாட்கள் தப்பிவிடும். சில நாட்களில் சரியாகவும் சில நாட்களில் தவறாகவும் இயங்கும் கருவியை நம்பிவிடுதல் எளிது. #2020-04-01# என்று ஆண்டை முதலில் எழுதினால் இம்மயக்கத்துக்கு இடமில்லை.

வெற்றிடம் என்னும் விவரம்

யாவற்றினும் நுட்பமானது, நிரப்பப்படாத புலத்தால் வரும் குறையாகும். மகாராஷ்டிரத்தில் வழங்கும் படிவங்கள் சொந்தப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என மூன்றைக் கேட்கின்றன. தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். ஆகவே மூன்றாம் புலம் வெறுமையாக விடப்படுகிறது.

இனி, குடும்பப் பெயரால் தேடும் வசதி படிவத்தில் உள்ளதாகக் கொள்வோம். தேடும் பெட்டியில் ஒன்றும் இடாவிட்டால் எல்லோரையும் காட்ட வேண்டும் என்று கருதி, அதை அமைத்தவர், 'குடும்பப் பெயர் எதுவாயினும் ஆகுக' என்னும் பொருளில் * குறியை இட்டு நிபந்தனை எழுதியிருப்பார். கேட்பதற்கு இது எல்லோரையும் உள்ளடக்குவதாகவே தோன்றும். ஆனால் 'எதுவாயினும்' என்பது ஏதேனும் ஒன்று இருப்போர்க்கே பொருந்தும். வெறும் புலத்தை ஒப்பிடும்போது கணினி 'மெய்' என்றும் கூறாது, 'பொய்' என்றும் கூறாது. 'அறியப்படாதது' என்றே கொள்ளும். வடிகட்டியோ மெய்யானவற்றை மட்டுமே விடும். விளைவு, குடும்பப் பெயர் இல்லாத தமிழர் அனைவரும் பிழைச் செய்தி எதுவுமின்றிப் பட்டியலினின்று நீங்கிவிடுவர்.

இத்தகைய தரவுத்தளங்களுக்கு அடிப்படையான கொள்கையை ஈ. எஃப். காட் என்னும் அறிஞர் 1970-இல் வெளியிட்டார். அறியப்படாத மதிப்பைப் பற்றியும், மெய், பொய் என்னும் இரண்டோடு மூன்றாவதாக நிற்கும் அதன் நிலையைப் பற்றியும் அவர் 1979-இல் விரித்துரைத்தார். எனவே இது கணினியின் பழுதன்று, அதன் இலக்கணம். தேடும் பெட்டி வெறுமையாயின் அந்நிபந்தனையையே சேர்க்காது விடுவது சிறந்த பரிகாரம். அல்லது, 'புலம் வெறுமையாயினும் காட்டுக' என்று நிபந்தனையிலேயே வெளிப்படையாகச் சேர்க்கலாம்.

வடிகட்டி ஒன்றும் இல்லாமலே பதிவு மறைவதும் உண்டு. குடும்ப அட்டவணையையும் வீட்டு வருகை அட்டவணையையும் இணைத்து ஒரு படிவம் அமைந்திருக்கலாம். இரண்டிலும் இருப்பவற்றை மட்டும் காட்டும் இணைப்பாயின், இதுவரை எவரும் சென்று காணாத குடும்பம் தோன்றாது. நாம் முதலில் செல்ல வேண்டிய வீடே மறைந்துவிடும். குடும்ப அட்டவணையின் பதிவுகள் அனைத்தையும் காட்டும் இணைப்பாக அதை மாற்றுதல் வேண்டும்.

சோதிக்கும் வரிசை

1. அட்டவணையைத் திறந்து, பதிவு இருக்கிறதா என்று காண்க. மொத்த எண்ணிக்கையைக் குறித்துக்கொள்க.

2. படிவத்தின் அடியில் உள்ள பட்டையில், வடிகட்டி இயங்குவதைக் குறிக்கும் சொல் உள்ளதா என்று நோக்குக. இருப்பின் அதை நீக்கி, எண்ணிக்கை மாறுகிறதா என்று பார்க்க.

3. படிவத்தின் பண்புகளையும், திறக்கும் கட்டளையில் நிபந்தனை உள்ள இடத்தையும் சரிபார்க்க.

4. நிபந்தனையைக் கணினி பெற்றவாறே திரையில் காட்டச் செய்து, மேற்கோள் குறி, தேதி வரிசை, புலப்பெயர் ஆகியவற்றைப் படிக்க.

5. எழுத்து வேறுபாட்டைக் கவனிக்க. மாட்டுங்கா என்றும் மாதுங்கா என்றும் எழுதுவோர் உளர். கணினிக்கு இவை இரண்டு ஊர்கள்.

6. வெறும் புலங்களையும் அட்டவணை இணைப்பையும் இறுதியில் ஆராய்க.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதில் செய்து காட்டலாம். 40 மாணவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி, ஊர் என்னும் இடத்தை நான்கு அட்டைகளில் மட்டும் வெறுமையாக விடுக. 'ஊர் தாராவி என்று எழுதியவை' ஒரு குவியல். 'வேறோர் ஊரை எழுதியவை' மற்றொரு குவியல். இரண்டையும் எண்ணிக் கூட்டினால் 36 தான் வரும். எஞ்சிய நான்கும் மேசைமேல் கிடக்கக் கண்டு மாணவர்கள் உண்மையை உணர்வர். கணினி அந்த நான்கையும் மேசைமேல் வைத்துக் காட்டாது என்பதே வேறுபாடு.

ஆகவே களப்பணியாளர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுதல் வேண்டும். எந்தப் பட்டியலையும் அனுப்புமுன், நிபந்தனைக்கு உட்பட்டவை எத்தனை, உட்படாதவை எத்தனை, மொத்தம் எத்தனை என மூன்றையும் எண்ணுக. முதலிரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதற்குச் சமமாகாவிடின், பட்டியலை நிறுத்தி வைத்து, விடுபட்ட பெயர்களைத் தேடுக. அவை பெரும்பாலும், படிவம் கேட்ட கேள்விக்கு விடை இல்லாதவர்களின் பெயர்களாகவே இருக்கும்.